பால்ரஸ் புதுசு என்று சொல்லிக் கழுவிய பழசை மாட்டிவிட்டார்கள்: டிரெய்லர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

உச்சிப்புளிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. மட்டை, எரு, தண்ணீர் டிரம் ஏற்ற, பவர் டில்லருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன ரெண்டு சக்கர டிரெய்லர் ஒன்று. ஆட்டோ டயர்தான், 4.00-8. உப்புக் காத்தில் இரும்பு என்ன பாடுபடும் என்று நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

மாசியில் இடது சக்கரம் கரகரத்தது. ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். நாலு பால்ரஸ் (சக்கரம் சுழல வைக்கிற பால் பேரிங்), ரெண்டு ஆயில் சீல் (கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்), டயர், டியூப், கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். "எல்லாம் புதுசுண்ணே, ரெண்டு வருசத்துக்குத் தொட வேணாம்" என்றார் பட்டறைக்காரர். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தார். அப்போதே உறைத்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகிற அவசரம், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இருபது நாள்தான். எரு ஏற்றி வரும்போது சக்கரம் தலையாட்டியது, ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) கை வைக்க முடியாத சூடு. பக்கத்துத் தோப்பு மாமா வந்து கழற்றினார். பால்ரஸில் குண்டுகள் உருளும் தடம் முழுக்கத் துரு தின்ற குழி. இருபது நாளில் எப்படி வரும்? என்னுடைய பழசையே பெட்ரோலில் கழுவி, கிரீஸைத் தடவி மாட்டியிருக்கிறார்கள். ஆக்ஸில் (சக்கர அச்சு) தேய்ந்திருந்ததால் பால்ரஸ் அதில் லொடலொடத்திருக்கிறது. அதற்குக் கூல்டிரிங்ஸ் டப்பாத் தகட்டை வெட்டிச் சுற்றி இறுக்கியிருந்தார்கள்! தகடு கிழிந்து, பால்ரஸின் உள் வளையம் ஆக்ஸில் மேலேயே சுழன்று அதையும் அரைத்துவிட்டது. வலது பக்கம் திறந்தால் ஆயில் சீலே இல்லை.

"மாப்ளே, டயரப் பாரு" என்றார் மாமா. பக்கவாட்டில் 1916. அதாவது 2016-இன் 19-ஆவது வாரம் செய்தது. மேலே கறுப்பு பாலிஷ் அடித்துப் பளபளவென்று இருந்தது, வளைத்துப் பார்த்தால் வரி வரியாக வெடிப்பு.

இப்போது நான் ஹப்பைத் திறக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன். கழற்றிய பழசு என் கைக்கு வந்தாக வேண்டும். புதுசு அட்டைப் பெட்டியிலிருந்து என் கண் முன்னால்தான் வெளியே வரும். மாட்டியதும் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன். கொஞ்சத் தூரம் ஓட்டி ஹப்பைத் தொட்டுப் பார்த்து, சக்கர நட்டை மறுபடி ஒரு முடுக்கு முடுக்குவேன். இன்னொன்று, இந்த வகை டிஸ்க் (டயர் உட்காரும் இரும்பு வளையம்) ரெண்டு பாதியாகப் போல்ட் போட்டுச் சேர்த்தது. காற்றை முழுக்க இறக்காமல் அந்தப் பாதிகளைச் சேர்க்கிற நட்டைத் தொடவே தொடாதீர்கள், தெறித்தால் முகம் போய்விடும். வேலை தெரிந்தவர்களே இதில் அசட்டையாக இருக்கிறார்கள்.

தகட்டை எடுத்துப் போய்ப் பட்டறைக்காரர் மேசையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லோடு கூட ஏத்திட்டீங்கண்ணே" என்றார்.