ஓடுவதற்கு முன் பம்பா, மாத்திரையா, தினசரி மருந்தா?

அக்கா மகன் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறான், 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். மார்கழி விடியலில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடி முடித்துப் படியில் வந்து உட்கார்ந்தவன், ஐந்து நிமிடம் கழித்து முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து இரும ஆரம்பித்தான். மூச்சை வெளியே விடும்போது வந்த விசில் சத்தம் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "மாமா, ஓடுறப்ப ஒண்ணும் தெரியல, நின்னதுக்கப்புறம்தான் நெஞ்சைப் புடிக்குது" என்றான்.

வீட்டில் எல்லோரும் ஸ்டாமினா போதவில்லை, முட்டை சாப்பிடு என்றார்கள். ஸ்டாமினா குறைவு என்றால் நின்றதும் மூச்சு அடங்க வேண்டும். நின்ற பிறகு இளைப்பு கூடினால் மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வேகமாக ஓடும்போது வாயால் மூச்சு வாங்குகிறோம், காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் மூக்கின் வேலை நடப்பதில்லை, குழாயின் உள்சுவர் காய்ந்துபோகிறது, அந்த வறட்சியில் அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற ரசாயனங்களை வெளியே விட, சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. ஓட்டத்தை நிறுத்திய 5 முதல் 15 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் தானாகவே தணிந்துவிடும். டாக்டரிடம் போய்ச் சேரும்போது நெஞ்சு சுத்தமாக இருப்பதால்தான் இத்தனை பேருக்கு இது தெரியாமலே போகிறது. மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் அவனை ஊதச் சொன்னேன். ஓடுவதற்கு முன் 440, ஓடி முடித்த பத்தாவது நிமிடம் 360. அப்புறம் நுரையீரல் மருத்துவரிடம் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை எடுத்து உறுதி செய்தோம். முதல் நொடியில் ஊதும் காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழாய் சுருக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். மருந்துக்கடையில் எல்லோரும் முதலில் கேட்பது சால்பியூட்டமால் பம்ப், ஆஸ்தலின் என்றால் தெரியும். ஓடுவதற்கு கால் மணி நேரம் முன் இரண்டு முறை உறிஞ்சினால் 2 முதல் 4 மணி நேரம் குழாய் திறந்திருக்கும். உடனடிப் பலனில் இதை மிஞ்ச மற்றவற்றால் முடியாது. எப்போதாவது வாரக் கடைசியில் கால்பந்து ஆடுகிறவருக்கு டாக்டர் இது மட்டும் போதும் என்று சொல்லலாம். ஆனால் தினமும் ஓடுகிறவன் தினமும் இதையே நம்பினால் உடம்பு பழகிப்போய், பாதுகாப்பு கிடைக்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். உள்ளே இருக்கும் வீக்கத்தை இது தொடுவதும் இல்லை. அதனால்தான் 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஆஸ்துமாவுக்கு இந்த பம்பை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று மாற்றியது.

ஒரு கடையில் பம்புக்குப் பதிலாக அதே மருந்தை சிரப்பாக எடுத்துக் கொடுத்தார்கள். அதைக் குடித்ததும் கையெல்லாம் நடுக்கம், நெஞ்சு படபடப்பு. போட்டிகளில் ஓடுகிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்: ஊக்கமருந்து விதிகளில் உறிஞ்சும் சால்பியூட்டமாலுக்கு 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, அதிலும் 8 மணி நேரத்துக்குள் 600-ஐத் தாண்டாமல், அனுமதி உண்டு. வாய்வழி மாத்திரைக்கும் சிரப்புக்கும் கிடையாது.

லூக்கோட்ரையீனைத் தடுக்கும் மாண்டிலூகாஸ்ட் மாத்திரைக்குப் பழகிப்போகும் தொல்லை இல்லை, குறைந்தது 2 மணி நேரம் முன் போட்டால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். ஆனால் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குப் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. மூக்கு ஒழுகினால் லெவோசெட்டிரிசின் என்ற அலர்ஜி மருந்தோடு சேர்த்துத் தரும் அதே மாத்திரைதான் என்பதால் பலர் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். தூக்கம் கெடுவது, கெட்ட கனவு, மனச்சோர்வு போன்றவற்றுக்காக 2020-இல் அமெரிக்க மருந்துத் துறை இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. தேர்வு பயத்தில் ஏற்கெனவே தூங்காமல் கிடக்கும் பையனுக்கு நான் இதை முதலில் யோசிக்க மாட்டேன்.

என் ஓட்டு தினசரி உறிஞ்சும் ஸ்டீராய்டுக்குத்தான், அதாவது புடிசோனைடு வகை. ஸ்டீராய்டு என்றதும் அக்கா பயந்துபோனாள். ஒரு முறை உறிஞ்சுவது 100, 200 மைக்ரோகிராம்தான், மாத்திரையில் தருவது மில்லிகிராம் கணக்கு. உறிஞ்சிய பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் தொண்டையில் வெள்ளை படிவதும் குறையும். நாளைக்குத் தேர்வு என்றால் இது உதவாது, பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். ஆனால் குழாயின் எரிச்சலையே அடக்குவது இதுதான். ஃபார்மோட்டெராலோடு சேர்ந்து ஒரே இன்ஹேலரில் வருவதும் உண்டு. அது சில நிமிடங்களில் குழாயைத் திறப்பதால் ஓடுவதற்கு முன்பும் எடுக்கச் சொல்கிறார்கள். இவனுக்கு எழுதிக் கொடுத்தது அதைத்தான்.

மருந்தில்லாத வழியில் வார்ம்-அப்பை யாரும் மதிப்பதில்லை. 10, 15 நிமிடம் மெதுவாக ஓடி, நடுநடுவே சிறு வேக ஓட்டம் ஓடினால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதற்கப்புறம் ஒன்றிரண்டு மணி நேரம் இறுக்கம் குறைவாகவே வரும். பனிக் காலத்தில் மூக்கையும் வாயையும் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வார்ம்-அப் செய்யலாம். குப்பை எரிக்கும் சாலையோரத்தில் ஓடவே கூடாது. நீச்சல் இளைப்புக்காரர்களுக்கு ஏற்றது, தண்ணீர் மேலுள்ள காற்று ஈரமாக இருக்கும். குளோரின் வாடை தூக்கலான குளத்தைவிட ஊர்க் கிணறு மேல் என்பது என் எண்ணம். ஆனால் போலீஸ் தேர்வில் ஓட்டம்தானே கேட்கிறார்கள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னேன். முன் 460, பின் 435. பேச முடியாத அளவுக்கு இளைத்தாலோ உதடு நீலமானாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இப்போது எங்களுக்கு மிச்சமிருக்கும் கவலை தேர்வு நாளின் வரிசை. எண் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, மருந்து தாங்கும், வார்ம்-அப் ஆறிவிடும். அதனால் அரை மணி நேரம் நின்றுவிட்டு மறுபடி ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி ஓடுவதை இந்த வாரம் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.