பவனா ஏரிக்கரையில் கூடாரம் பதிவு செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை

கோடை விடுமுறைக்காகப் புனேயில் எங்களோடு வந்து தங்கியிருந்த மாமனார், மாமியாரையும் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, பவனா அணையின் நீர்த்தேக்கக் கரையில் ஓர் இரவு கூடாரத்தில் தங்கச் சென்றோம். பேசிய இடமும் கிடைக்கவில்லை, பேசிய வசதிகளும் கிடைக்கவில்லை, கொடுத்த பணமும் திரும்பவில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் மறுநாள் காலையில் என் பிள்ளைகளைப் பாதுகாப்பு அங்கி இல்லாமல் படகில் ஏற்ற முயன்றதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மாமனார் செஞ்சிக்காரர். செஞ்சிக் கோட்டையோடு சேர்ந்து 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மராட்டியக் கோட்டைகளுள் ஒன்றான லோஹகட் இந்த ஏரிக்கு அருகில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இரவு ஏரிக்கரையில் தங்கலாம் என்பது எங்கள் திட்டம். இன்ஸ்டாகிராமில் கண்ட ஒரு விளம்பரத்திலிருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதியதும் படங்கள் வந்தன: தண்ணீர் விளிம்பை ஒட்டிக் கூடாரங்கள், அருகில் ஒரு மர ஊஞ்சல், பின்னால் முக்கோணமாக எழும் திகோனா மலைக்கோட்டை. ஆளுக்கு 1,400 ரூபாய் வீதம் ஆறு பேருக்கு 8,400 ரூபாய் என்றும், இரவு உணவு, காலை உணவு, படகுச் சவாரி எல்லாம் அதில் அடக்கம் என்றும் சொன்னார்கள். பாதித் தொகையான 4,200 ரூபாயை யுபிஐ வழியே அனுப்பினேன். பணம் சென்ற கணக்கில் வேறொருவர் பெயர் இருந்ததைப் பார்த்தும் நான் கேள்வி கேட்காமல் விட்டது பெரும் பிழை.

அங்கு சென்ற பிறகுதான், என்னோடு பேசியவர் முகாமின் உரிமையாளர் அல்லர், ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகர் என்று தெரிந்தது. ஏரியைச் சுற்றிலும் விவசாய நிலங்களில் கூடார முகாம்கள் நிறைய இருக்கின்றன. நல்ல முகாம் ஒன்றின் படத்தைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, அன்றைக்கு எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே அனுப்பிவிடுகிறார்கள். வாகனம் நிறுத்துமிடத்திலேயே பாக்கித் தொகையைக் கேட்டார்கள். கூடாரத்தைப் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்றதற்கு, தராவிட்டால் உள்ளே விட முடியாது என்றார்கள். இருட்டிக்கொண்டிருந்தது, பிள்ளைகளுக்குப் பசி, கொடுத்துவிட்டோம்.

எங்களுக்குக் கொடுத்த இடத்திலிருந்து திகோனாவும் தெரியவில்லை, தண்ணீரும் அருகில் இல்லை. இந்த அணை மழைக்காலம் முடியும் தறுவாயில் நிரம்பி நிற்கும். பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரத்தின் குடிநீருக்கும் பாசனத்துக்கும் இதிலிருந்தே நீர் எடுப்பதால், கோடையில் நீர்மட்டம் இறங்கி, கரை வெகுதூரம் பின்வாங்கிவிடுகிறது. நடுவில் மிஞ்சுவது வெடித்த வண்டலும் சேறும்தான். அக்டோபரில் எடுத்த படத்தை மே மாதத்தில் காட்டுவது, படம் உண்மையானதாகவே இருந்தாலும், ஏமாற்றுதான்.

கூடாரத்தின்மேல் போடும் மழைத்துணி இல்லை. நள்ளிரவில் பெய்த கோடைமழையில் மெத்தைகள் நனைந்துவிட, மாமியார் விடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார். ஏறத்தாழ நாற்பது பேருக்கு இரண்டு கழிப்பறைகள்; ஒன்றில் தண்ணீர் வரவில்லை. இரவு 10 மணிக்குமேல் வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருந்தும், மழை வரும்வரை பாட்டு நிற்கவில்லை.

காலையில் படகு. எங்களோடு இன்னொரு குடும்பத்தையும் ஏறச் சொன்னார்கள். இருந்த பாதுகாப்பு அங்கிகள் நான்கு. அவற்றில் இரண்டுக்கு வார் அறுந்திருந்தது. குழந்தைகளின் அளவில் ஒன்றுகூட இல்லை. இங்கே ஆழம் இல்லை என்று படகுக்காரர் சொன்னார். பழைய நிலங்களையும் ஆற்றுப் பள்ளத்தையும் மூழ்கடித்து நிற்கும் நீர்த்தேக்கத்தில் அப்படி யாரும் உறுதி கூற முடியாது: முழங்கால் அளவுத் தண்ணீரிலிருந்து அடுத்த சில அடிகளில் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் வந்துவிடலாம், வண்டல் காலைப் பிடித்துக்கொண்டால் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். பவனாவில் மூழ்கி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும் நிலையில் இந்த அலட்சியத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. "மாப்பிள்ளை, காசு போனால் போகட்டும், பிள்ளைகளை இறக்குங்கள்" என்று மாமனார் சொன்னார். இறக்கிவிட்டோம்.

வீடு திரும்பிப் பணத்தைக் கேட்டபோது தரகர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் வாங்கியவர் அடியோடு மறைந்துவிட்டால், தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; சென்னையிலிருந்து சென்று ஏமாந்தவர் புனேக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பதோ ஒரு தொலைபேசி எண்ணும், யாரோ ஒருவரின் யுபிஐ பெயரும் மட்டுமே.

ஆகவே முகாமின் பெயர், அது எந்தக் கிராமத்து எல்லையில் இருக்கிறது, வரைபடத்தில் எந்தப் புள்ளி என்பதையெல்லாம் எழுத்தில் பெறாமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். பாக்கியைக் கூடாரத்தையும் கழிப்பறையையும் பார்த்த பிறகே தருவோம் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். மறுப்பவரிடம் பதிவு செய்ய வேண்டாம். தண்ணீர் விளிம்பில் மர ஊஞ்சலும் பின்னால் திகோனாவும் தெரியும் அந்தப் படம் உங்களுக்கும் வந்திருந்தால், அந்த ஊஞ்சல் இன்று எங்கே இருக்கிறது என்று வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள்.