கேன் லைன் கோளாறுக்கு கம்பெனி லேப்டாப்பா, மல்டிமீட்டரா?

வாடகைக்கு ஓடும் பொக்லைன், பேக்ஹோ, லோடர் எல்லாம் கலந்து கிடக்கும் ஒரு பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வண்டிகள் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி, எண்ணூர்ப் பக்கம் யார்டு வேலை என்று சென்னையைச் சுற்றியேதான் நிற்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் "மானிட்டர்ல எரர் வருது, வண்டி ரேஸ் ஏற மாட்டேங்குது" என்ற போன்தான் அதிகம். கேன் லைன் என்பது வண்டியின் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒயர். அதில் வரும் கோளாறைத் தேடக் கருவி வாங்கப் பேசியபோது மூன்று வழி இருந்தது. வண்டிக் கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேர், எல்லா பிராண்டுக்கும் பொது என்று விற்கிற ஸ்கேனர், நல்ல மல்டிமீட்டரும் ஒரு சின்ன ஸ்கோப்பும் (வோல்ட் ஏறி இறங்குவதைத் திரையில் வரைந்து காட்டும் கருவி). நாங்கள் எடுத்தது மூன்றாவது. இன்று கேட்டாலும் முதலில் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கம்பெனி சாஃப்ட்வேரைக் குறைத்துப் பேச முடியாது. கேட்டர்பில்லருக்கு கேட் இடி, ஜேசிபிக்கு சர்வீஸ் மாஸ்டர் என்று அவரவர் வண்டியின் உள்விவரம் முழுக்க அதில்தான் திறக்கும். இன்ஜெக்டர் மாற்றினால் அதற்கான திருத்த எண்ணை (டிரிம் கோடு) ஏற்றவும், புது ஈசிஎம்முக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) புரோகிராம் போடவும் அது வேண்டும். பிராண்டுக்கு ஒன்று வாங்க வேண்டும், லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செலவு. சரி, பணம் இருந்தால் வாங்கிவிடலாம். எங்களுக்கு முடிவைத் தீர்த்து வைத்தது வேறொரு விஷயம்.

லேப்டாப்பும் அதே லைனில்தான் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் ஈசிஎம், ஹைட்ராலிக் கன்ட்ரோலர், மானிட்டர் எல்லாம் பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டே ஒயரில்: கேன் ஹை, கேன் லோ. ஒன்பது பின் சாக்கெட் உள்ள வண்டியில் அந்த இரண்டும் சி, டி பின்களுக்கு வந்து நிற்கும். லேப்டாப்பின் அடாப்டரும் அங்கேதான் செருகுகிறது. லைன் ஷார்ட் ஆகிவிட்டால் வண்டியோடு சேர்ந்து லேப்டாப்பும் ஊமை. திரையில் 'இணைப்பு இல்லை' என்று வரும், அவ்வளவுதான். பாதி உயிரோடு இருந்தால் எஸ்பிஎன் 639, எஃப்எம்ஐ 9 மாதிரி ஒரு கோடு காட்டும் (முதல் எண் கோளாறு எதில், இரண்டாவது எந்த வகை). நெட்வொர்க்கில் வரவேண்டிய செய்தி நேரத்துக்கு வரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். செய்தி யாருக்கு வரவில்லை என்று தெரியும். ஒயர் எந்த இடத்தில் அறுந்தது என்று அது ஒருநாளும் சொல்லாது. நமக்கு வேண்டியதோ அந்த இடம்தான்.

மீட்டர் அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, சி-க்கும் டி-க்கும் நடுவே ஓம் பாருங்கள். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை கைவிட்டுப் போயிருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்திருக்கிறார்கள். மலிவு ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) மாற்றிய வண்டியில் இதற்கு வாய்ப்பு அதிகம். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அப்போது மீட்டரை மாட்டியபடியே கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது எண் ஏறுகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. சில ஈசிஎம்முக்கு உள்ளேயே ரெசிஸ்டர் இருக்கும். அதைக் கழற்றினால் 120 வருவது இயல்பு, பதற வேண்டாம்.

அப்புறம் கீ ஆன் செய்து வோல்ட். நெகட்டிவில் இருந்து பார்த்தால் ஹை 2.5-க்குச் சற்று மேலே, லோ சற்றுக் கீழே, இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 5 வோல்ட். ஒன்றில் பேட்டரி வோல்ட் வந்தால் எங்கோ பவர் ஒயரைத் தொடுகிறது. பூஜ்யம் என்றால் பாடியில் எர்த் ஆகியிருக்கலாம்.

ஒரு பொக்லைன். ஆபரேட்டர் சொன்னது, "அண்ணே, மழை பெய்ஞ்சா மட்டும்தான் வருதுண்ணே." நிற்கும்போது மீட்டரில் சுத்தமாக 60. மீட்டரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் கேபினிலிருந்து இன்ஜின் வரை ஹார்னஸைப் பிடித்து ஜாண் ஜாணாக ஆட்டிக்கொண்டே போனேன். கேபினுக்குப் பின்னால் ஒரு கிளாம்ப் அருகே வந்ததும் எண் 120-க்குத் தாவித் திரும்பியது. கிளாம்பின் ரப்பர் தேய்ந்து, இரும்பு விளிம்பு ஒயரின் தோலை உரித்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து, இரண்டு மூன்று இழைதான் மிச்சம். அதற்குமுன் அந்த வண்டிக்கு மானிட்டரையே மாற்றச் சொல்லி விலை கொடுத்திருந்தார்கள்.

ஸ்கோப் எதற்கு என்றால், மீட்டர் சராசரியைத்தான் காட்டும். 250 கிலோபிட் வேகத்தில் ஒரு பிட் 4 மைக்ரோ செகண்ட், புதிய வண்டிகளின் 500-இல் அதில் பாதி. அந்த இடைவெளியில் நடக்கிற கூத்து மீட்டரில் விழாது. ஸ்கோப்பில் ஹை 2.5-லிருந்து 3.5-க்கு ஏறும்போது லோ 1.5-க்கு இறங்க வேண்டும், கண்ணாடியில் பார்த்த மாதிரி. ரெசிஸ்டர் போயிருந்தால் விளிம்புகள் அதிர்ந்து நடுங்கும். பேட்டரியில் ஓடும் கைஸ்கோப் போதும், சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடினால் கிடைக்கும்.

பொது ஸ்கேனரைக் கொஞ்ச காலம்தான் இரவல் வாங்கிப் பார்த்தேன், அதனால் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இன்ஜின் கோடு நன்றாக வாசித்தது, ஹைட்ராலிக் கன்ட்ரோலருக்குள் பல வண்டிகளில் நுழையவில்லை. மீட்டர் வழிக்கும் ஒரு எல்லை உண்டு. சில வண்டிகளில் இரண்டு மூன்று கேன் லைன் தனித்தனியே ஓடும், சாக்கெட்டில் தெரிவது அதில் ஒன்றுதான். சிலவற்றில் ஒன்பது பின் சாக்கெட்டே இருக்காது. அங்கே ஒயரிங் டயக்ராம் கையில் இல்லாமல் இறங்கக் கூடாது. எனக்கு அதிகப் பழக்கம் பொக்லைனிலும் பேக்ஹோவிலும்தான். மோட்டார் கிரேடர், பைலிங் ரிக் வைத்திருப்பவர்கள் அந்த வண்டி பார்த்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈசிஎம்மே செத்துப்போன வண்டிக்கு, உதாரணமாக பேட்டரியைக் கழற்றாமல் பக்கெட்டில் வெல்டிங் வைத்ததால் போனதற்கு, கம்பெனி லேப்டாப்தான் வர வேண்டும். வருவதற்கு முன்னால் ஓம், வோல்ட் இரண்டையும் எழுதி அனுப்பிவிடுங்கள். ஈசிஎம்முக்கு வரும் பவரும் எர்த்தும் லோடு கொடுத்து (பல்பு மாதிரி ஒன்றை மாட்டி) பார்த்தாயிற்று என்பதையும் சேர்த்து எழுதினால், வருகிறவர் ஹார்னஸில் நாளைக் கழிக்காமல் நேராக புரோகிராம் வேலைக்கு வந்துவிடுவார்.