பீ.ஈ. நாளில் உடுப்பு மாற்றுவது: வகுப்பறையிலா, இரண்டு அறையிலா, வீட்டிலேயா?

என் மகன் இப்போது இயர் 8 (12-13 வயது வகுப்பு), மகள் இயர் 5 (9-10 வயது). வடமேற்கு லண்டனில் மகன் படித்து முடித்த தொடக்கப் பள்ளியில்தான் மகள் இன்னும் படிக்கிறாள். இந்த ஏழெட்டு ஆண்டுகளில் அந்தப் பள்ளி, பீ.ஈ. என்ற உடற்கல்விப் பாடத்துக்குப் பிள்ளைகள் உடுப்பு மாற்ற மூன்று விதமான ஏற்பாடுகளைச் செய்து பார்த்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது நான் பெற்றோர் சார்பில் கவர்னராக, அதாவது பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்தேன். முடிவு தலைமை ஆசிரியருடையது, கவர்னர்கள் கேள்வி கேட்கிற ஆட்கள். நான் கொஞ்சம் கூடவே கேட்டேன். அதனால் நடுநிலை என்று பாசாங்கு செய்யப் போவதில்லை. வீட்டிலிருந்தே விளையாட்டு உடுப்போடு வருவதுதான் நல்லது என்பது என் கட்சி.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பி.ரி. என்று சொன்ன பாடத்துக்கு உடுப்பு மாற்றியதாக எனக்கு நினைவே இல்லை. வெள்ளைச் சட்டையோடு ஓடினோம், புழுதியோடு வீட்டுக்கு வந்தோம், அம்மாவிடம் ஏச்சு வாங்கினோம். இங்கே வந்து, முப்பது பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் சட்டையைக் கழற்றுகிறார்கள் என்று கேட்டபோதுதான் எனக்கு இது ஒரு கேள்வியாகவே பட்டது.

முதலில் அந்த வகுப்பறை ஏற்பாடு. 2019 இல் மகன் இயர் 2 படித்தபோது இதுதான் நடந்தது. கொக்கியில் தொங்கும் பீ.ஈ. பையை எடுத்து வந்து, அவரவர் கதிரைக்குப் பக்கத்தில் நின்று ஆணும் பெண்ணுமாக மாற்றுவார்கள். இதற்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒரே ஒரு ரீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் கண்ணுக்குள் வைத்திருக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளை பொத்தான் போடவும் சப்பாத்து நாடா கட்டவும் பழகுகிறது. சின்ன வகுப்புகளில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, தன் சொக்ஸின் மறுபாதி எங்கே என்பதுதான் அவர்களுடைய கவலை.

ஆனால் பார்க்க ஆரம்பிக்கிற வயது எப்போது வருகிறது என்று யாருக்கும் அறிவித்தல் வராது. எங்கள் வீட்டில் அது இயர் 2 இலேயே வந்தது. மகனுக்கு அவனுடைய அப்பம்மா கட்டிய அரைஞாண் கயிறு இடுப்பில் இருந்தது. ஒரு நாள் ஒரு பையன் அதைப் பிடித்து இழுத்து, ‘உனக்கு ஏன் வால் இருக்கு’ என்று கேட்டிருக்கிறான். கேட்டவனிடம் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனால் அன்று இரவு கத்தரிக்கோலோடு குளியலறைக்குள் போனவன் என் மகன். அப்பம்மாவுக்கு நாங்கள் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை, அறுந்துவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறோம். அந்தரங்கம் என்றவுடன் வளர்ந்த பெண்பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். தாயத்து, கையில் ஒட்டியிருக்கிற சர்க்கரை அளக்கும் சென்சர், எக்ஸிமா தழும்பு, அண்ணனின் பழைய உள்ளாடை, எல்லாமே ஆறு வயதிலேயே மறைக்க வேண்டியவையாக இருக்கலாம்.

சட்டம் இந்த இடத்தில் ஒரு வேடிக்கையான இடைவெளியை விடுகிறது. இங்கிலாந்தில் 2012 ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டட விதிகளின்படி, கல்வியாண்டுத் தொடக்கத்தில் 11 வயது நிறைந்த பிள்ளைகளுக்குத்தான் உடற்கல்விக்கென்று உடுப்பு மாற்றும் இடம் கட்டாயம். இயர் 6 பிள்ளைகளுக்கு அந்த ஆண்டின் நடுவில்தான் 11 நிறைகிறது. அதாவது தொடக்கப் பள்ளி முழுவதும் இந்த விதிக்கு வெளியே நிற்கிறது. அதே விதிகள், 8 வயதிலிருந்து ஆண்களுக்கும் பெண்களுக்கும் கழிவறை தனித்தனியாக இருக்க வேண்டும் என்கின்றன. உள்ளிருந்து பூட்டக்கூடிய, ஒருவர் மட்டும் பாவிக்கும் அறைகளுக்கு மட்டும் விலக்கு. எட்டு வயதில் கழிவறை வேறு, ஆனால் ஒன்பது வயதில் ஒரே அறையில் காற்சட்டையைக் கழற்றலாம்! விதியில் இடம் இருக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது என்றுதான் கூட்டத்தில் சொன்னேன்.

பெண்பிள்ளைகள் 8 வயதிலேயே பருவமடையத் தொடங்குவது இயல்புதான் என்று இங்கத்தைய அரச மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தின் அரச பள்ளிகளில் மாதவிடாய்ப் பொருட்களை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் நடக்கிறது, அதில் தொடக்கப் பள்ளிகளும் அடக்கம். தேவை இருப்பது அவர்களுக்கும் தெரியும் என்பதுதானே அதன் பொருள்? எனவே இயர் 4 க்கு மேல் வகுப்பறையில் ஒன்றாக மாற்றுவதை எங்கள் கூட்டத்தில் யாரும் பெரிதாக ஆதரிக்கவில்லை. அதில் விவாதமே இல்லை.

விவாதம் வந்தது அடுத்த இரண்டுக்கும் இடையில். கொரோனாவுக்குப் பிறகு 2020 செப்டம்பரில் பள்ளிகள் திறந்தபோது, பீ.ஈ. உள்ள நாட்களில் விளையாட்டு உடுப்போடே வாருங்கள் என்று எங்கள் பள்ளியும் வேறு பல பள்ளிகளும் சொல்லிவிட்டன. அது அப்படியே நிலைத்தது. பிறகு 2023 இல், பிள்ளைகள் கிழமைக்கு இரண்டு நாள் ஜொகர்ஸ் என்கிற விளையாட்டுக் காற்சட்டையோடு திரிவது ஒழுங்காக இல்லை, யூனிஃபோர்முக்குத் திரும்புவோம் என்று ஒரு பேச்சு எழுந்தது. பெண்கள் வகுப்பறையில், ஆண்கள் நூலக மூலையில் என இரண்டு அறையாகப் பிரித்து, இயர் 3 இலிருந்து ஒரு தவணை நடத்திப் பார்த்தார்கள். மகள் அப்போது இயர் 3.

தாளில் பார்த்தால் இரண்டு அறை ஏற்பாடு எல்லோரையும் திருப்திப்படுத்தும். உண்மையைச் சொன்னால் நானும் முதலில் அதற்குத் தலையாட்டினேன். அது எங்கே உடைந்தது என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எதையும்விட அதுதான் என் மனதை மாற்றியது.

இரண்டு அறை என்றால் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒரு ரீச்சர், ஒரு ரி.ஏ. என்று கணக்குப் போட்டுத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் ரி.ஏ. என்பவர் வகுப்பு உதவியாளர் மட்டுமில்லை. விழுந்த பிள்ளைக்கு ஐஸ் பை வைப்பவர், சிறப்புத் தேவையுள்ள பிள்ளையோடு இருப்பவர், பக்கத்து வகுப்பு ரீச்சர் வராத நாளில் அங்கே போய் நிற்பவர், எல்லாம் அவரேதான். பிற்பகலில் அவர் எங்கே என்று கேட்டால் பாதி நாள் ஒருவருக்கும் தெரியாது. பீ.ஈ. பெரும்பாலும் பிற்பகலில்தான்.

நான் வாசிப்பு உதவிக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை இதை நேரிலேயே பார்த்தேன். ரி.ஏ. வேறு வகுப்புக்குப் போய்விட்டார். ரீச்சர் பாவம், என்ன செய்வார்? வகுப்பறைக் கதவையும் நூலகக் கதவையும் பாதி பாதி திறந்து வைத்துவிட்டு, நடுவில் நடைபாதையில் நின்று இரண்டு பக்கமும் காதை வைத்துக்கொண்டிருந்தார். அந்த நடைபாதை வழியாக இயர் 6 பிள்ளைகள் வரிசையாக மண்டபத்துக்குப் போனார்கள். அந்தரங்கத்துக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு, இரண்டு கதவையும் திறந்து போட்டுவிட்டது. வகுப்பறையில் ஒன்றாக மாற்றிய காலத்தில் கதவாவது மூடியிருந்தது.

கதவை மூடிவிட்டு ஒரு அறையில் ஆளில்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதும் அதே தவணையில் தெரிந்தது. ஒருவன் இன்னொருவனின் காற்சட்டையை இழுத்துவிட்டான். பெரிய அடிதடி இல்லை, ஆனால் இழுக்கப்பட்ட பிள்ளை அடுத்த மூன்று கிழமை பீ.ஈ. நாளில் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றான்.

சரி, பயிற்சியாளரை இரண்டாவது ஆளாக எண்ணக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். தொடக்கப் பள்ளிகளின் விளையாட்டுக்கென்று அரசு 2013 இல் தனி நிதி கொடுக்கத் தொடங்கியது. 2017 இல் அதை இரட்டிப்பாக்கியபோது பள்ளிக்கு 16,000 பவுண்ட், அதற்கு மேல் பிள்ளைக்கு 10 பவுண்ட் என்று வந்தது. அதில்தான் எங்கள் பள்ளியும் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை எடுத்தது. ஆனால் கிழமைக்கு இரண்டு மணி நேரம் வந்து போகிற ஒருவரை, பிள்ளைகள் உடுப்பு மாற்றுகிற அறையில் தனியாக நிறுத்துவதில்லை என்பது பள்ளியின் விதி. அவருடைய பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. ஆகவே அவர் வெளியே பயிற்சிக்கான கூம்புகளை அடுக்கிவிட்டு நின்றுகொண்டிருப்பார். நான் பார்த்த அளவில் மாற்றப் பத்து நிமிடம், திரும்ப மாற்றப் பத்து நிமிடம். ஒரு மணி நேரப் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கு கூம்புகளோடு போனது.

இன்னொன்று. வகுப்பு ரீச்சர் ஆணாக இருந்து அன்று ரி.ஏ. வரவில்லை என்றால் பெண்பிள்ளைகளின் அறையில் யார் நிற்பது? எங்கள் இயர் 5 இல் அதுதான் நிலைமை. அவர் ஒவ்வொரு முறையும் அலுவலகத்துக்குப் போன் செய்து ஒரு பெண் ஊழியரைக் கூப்பிட்டார். வர நேரமானால் பாடம் போய்விடும்.

ஒரு ஏற்பாட்டை, எல்லோரும் வந்திருக்கிற நல்ல நாளை வைத்து மதிப்பிடக் கூடாது. இரண்டு பேர் விடுப்பில் இருக்கிற பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். வீட்டிலிருந்தே உடுத்தி வருவதற்குப் பள்ளியில் ஒரு ஆளும் தேவையில்லை, ஒரு அறையும் தேவையில்லை, கதவும் தேவையில்லை. மழை, காய்ச்சல், ஆள் பற்றாக்குறை எதுவும் அதைக் கெடுப்பதில்லை. என் பக்கச் சாய்வுக்கு இதுதான் காரணம், மற்றதெல்லாம் உபரி.

குறை இல்லையா என்றால் இருக்கிறது, தோய்க்கிற எனக்குத் தெரியாதா. இரண்டு சோடி விளையாட்டு உடுப்பு வேண்டும், ஜொகர்ஸின் முழங்கால் ஒரு தவணைக்குள் கிழியும். மறுபக்கம் யூனிஃபோர்ம் மூன்று நாளைக்குத்தான் தேவை, அதனால் அதில் ஒரு சோடி குறைத்தேன். பள்ளிச் சின்னம் இல்லாத வெறும் வெள்ளை ரி-ஷேர்ட்டும் கறுப்புக் காற்சட்டையும் போதும் என்று பள்ளி சொன்னதால் சுப்பர்மார்க்கெட்டிலேயே வாங்க முடிந்தது. சின்னத்தோடு ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்று உங்கள் பள்ளி சொன்னால், 2021 நவம்பரில் வந்த யூனிஃபோர்ம் செலவு வழிகாட்டலைக் கேட்டுப் பாருங்கள். சின்னம் போட்ட உடுப்புகளைக் குறைந்த அளவில் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

சேறுதான் உண்மையான தொல்லை. காலையில் பீ.ஈ. என்றால் ஈரச் சொக்ஸோடு மூன்று மணிவரை இருக்க வேண்டும். எங்கள் பள்ளி நேரசூசியை மாற்றி வெளியில் நடக்கிற பாடங்களைக் கடைசிப் பாடமாகத் தள்ளியது, அது பெரிய உதவி. இயர் 6 இல் வியர்வை மணம் வரும், அதற்கு ஒரு மாற்று ரி-ஷேர்ட் பையில் இருந்தால் போதும். பிள்ளை நாளை மறந்து யூனிஃபோர்மோடு போய் நிற்பது எல்லா வீட்டிலும் நடக்கும். பீ.ஈ.க்குத் தோடு கழற்றுகிற சண்டை மூன்று ஏற்பாட்டிலும் ஒன்றுதான். காது குத்துவதானால் கோடை விடுமுறையின் முதல் நாளே குத்திவிடுங்கள், செப்டம்பருக்குள் ஆறு கிழமை ஆகிவிடும், தோட்டைக் கழற்றலாம்.

கழிவறையில் ஒவ்வொருவராக மாற்றலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. மூன்று கதவு, பதினைந்து பிள்ளைகள், ஈரத் தரை. அதோடு விட்டார்கள். கேட்கிற பிள்ளைக்கு மட்டும் ஒரு திரை வைக்கலாம் என்றும் சொன்னார்கள், ஆனால் கேட்கிற துணிவு உள்ள பிள்ளைக்குத்தான் அது உதவும்.

வீட்டிலிருந்தே உடுத்தி வரும் ஏற்பாடு முழுதாகத் தோற்கிற ஒரு இடம் நீச்சல். தொடக்கப் பள்ளியை முடிக்கும்போது குறைந்தது 25 மீற்றர் நீந்தத் தெரிய வேண்டும் என்பது இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் இருக்கிறது, எனவே தடாகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். போகும்போது நீச்சல் உடுப்பை யூனிஃபோர்முக்குள் போட்டு அனுப்பலாம். திரும்பும்போது நனைந்த பிள்ளை எங்கேயாவது மாற்றத்தானே வேண்டும்? உள்ளாடையை வீட்டில் மறந்துவிட்டுப் போகிற கூத்து வேறு. தனித்தனிக் கதவு போட்ட சிறு அறைகள் உள்ள தடாகமும் உண்டு, ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று இரண்டு பெரிய திறந்த அறைகள் மட்டுமே உள்ள பழைய தடாகமும் உண்டு. பழையது என்றால் மறுபடியும் அதே இரண்டு ஆள் கணக்குத்தான். நான் இரண்டு முறை மட்டும் பஸ்ஸில் துணைக்குப் போனேன், மாற்றும் அறைக்குள் பெற்றோரை விடவில்லை. ஆகவே உள்ளே எப்படி நடக்கிறது என்று நான் பார்த்ததில்லை, தனிக்கதவு உள்ள இடம் நல்லது என்பது வெளியில் நின்றவளின் ஊகம்.

இயர் 7 இல் தொடங்கும் செகண்டரி (இடைநிலைப் பள்ளி) பற்றியும் எனக்கு அரைகுறை அனுபவம்தான். அங்கே திடீரென்று முன்பின் தெரியாத பிள்ளைகளோடு மாற்றும் அறைக்குள் போக வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டாமா என்று ஒரு ரீச்சர் என்னிடம் கேட்டார். மகன் சமாளித்தான். ஆனால் அவன் சின்ன வகுப்பில் வகுப்பறையில் மாற்றிப் பழகியவன், பையன் வேறு. மகள் மூன்றாம் வகுப்பின் ஒரு தவணை தவிரப் பள்ளியில் உடுப்பே மாற்றியதில்லை. அவள் 2027 செப்டம்பரில் செகண்டரிக்குப் போவாள், அந்த ரீச்சர் சொன்னது சரியா என்று அப்போது தெரியும். அதற்கு முன் அவளுக்குத் துவாயைச் சுற்றிக்கொண்டு மாற்றக் கற்றுக்கொடுக்கிறேன். இப்போதைக்கு வரவேற்பறையில் தம்பி முறையான ஒருவன் நுழைந்தாலே வீடு அதிரக் கத்துகிறாள்.