கடிதப் பகுதிக்கு எது சரி: எம்எஸ்ஜியா, ஜாமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய கம்ப்யூட்டரில் டயல்-அப் போர்டு (மற்றவர்கள் போன் வழியாக இணைந்து கடிதம் எழுதிப் படிக்கும் பிபிஎஸ்) ஓட்டுபவருக்கு இந்தக் குழப்பம் வரும். இரண்டும் கடிதங்களை டிஸ்கில் சேமிக்கும் முறைகள். எம்எஸ்ஜியில் ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு. வேண்டாததை டாஸில் டெல் அடித்தால் போச்சு. ஆனால் 500 எம்பி டிஸ்கில் டாஸின் ஃபேட்16 முறையில் கிளஸ்டர், அதாவது ஒரு கோப்புக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச இடம், 8 கேபி. ‘ஆழியாறு தண்ணி வந்தாச்சா?’ என்ற ஒற்றை வரிக்கும் முழு 8 கேபி போய்விடும். ஆயிரம் கடிதம் சேர்ந்தால் 8 எம்பி காலி. பகுதியைத் திறக்கவே டிஸ்க் கரகரவென்று இழுக்கும்.

1993-இல் வந்த ஜாம், ஒரு பகுதியை நான்கே கோப்புகளில் அடக்கிவிடும். வேகமும் அதிகம். எழுதும்போது கரண்ட் போனால் இன்டெக்ஸ் (எந்தக் கடிதம் எங்கே என்ற பட்டியல்) கெடலாம், அப்புறம் ரிப்பேர் புரோகிராம்தான் கதி. யூபிஎஸ் இருந்தால் ஊர்ப் பேச்சு, பல போர்டுகளுக்கும் பரவும் பொதுக் கடிதமான எக்கோமெயில் எல்லாம் ஜாமிலேயே போடுங்கள். ஒருவருக்கென்று போகும் தனிக் கடிதமான நெட்மெயிலை மட்டும் எம்எஸ்ஜியில் விடுங்கள். போர்டுகளுக்கிடையே கடிதம் கொண்டுபோகும் புரோகிராம்களான மெயிலர்களில் பல அதைத்தான் எதிர்பார்க்கும்.