ஸ்ப்ரூஸ் பொக் பாதை: பெப்ரவரியில் ஒரு ஜேயும் ஒரு முயலும்

கனடாவின் ஒன்ராறியோவில் இருக்கும் அல்கொன்குயின் பூங்காவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து விடிய 4.30 மணிக்கு வெளிக்கிட்டோம். வாகன அனுமதியை முதல்நாளே இணையத்தில் எடுத்துவிட்டேன். 60ஆம் நெடுஞ்சாலையில் 42.5ஆவது கிலோமீற்றரில் இருக்கிறது ஸ்ப்ரூஸ் பொக் பாதை, சதுப்பு நிலத்தின் மேல் பலகை போட்ட நடைபாதை. நீளம் 1.5 கிலோமீற்றர்தான்.

காரின் கதவைச் சாத்த முன்பே கனடா ஜே என்ற பறவை வந்துவிட்டது. சாம்பல் நிறம், 70 கிராம் அளவு எடை, மனிதர் மேல் துளிப் பயமில்லை. காக்கைக் குடும்பம்தான். ஆனால் நம் ஊர்க் காகம் கரைந்து கூட்டத்தைக் கூப்பிடும். இது எச்சிலைப் பசையாக்கி இரையை மரப்பட்டை இடுக்கில் ஒட்டி ஒளித்துவைக்கும். அந்தச் சேமிப்பை நம்பித்தான் பனி கிடக்கும் மார்ச்சிலேயே அடைகாக்கிறது. காலில் நிற வளையங்கள் இருந்தன. 1960களிலிருந்து இங்கே ஆய்வாளர்கள் வளையமிட்டுக் கவனித்து வருகிறார்கள். இலையுதிர்காலம் சூடானால் ஒளித்த உணவு கெட்டுவிடுகிறது. இங்கே ஜேக்கள் குறைந்துபோனதற்கு அதையே முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள்.

ஸ்னோஷூ முயல் அப்படி வந்து முகம் காட்டாது. தடம் மட்டும் எங்கும் இருந்தது. அகலமான பின்னங்கால் தடம் முன்னுக்கும், சின்ன முன்னங்கால் தடம் பின்னுக்குமாக விழும். தெரியாவிட்டால் எதிர்ப்பக்கம் தேடிப் போய்விடுவோம். முதல் சுற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது சுற்றில் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைக்குக் கீழே இரண்டு கறுப்புக் காதுநுனி, ஒரு கண். மற்றதெல்லாம் பனியோடு பனி. 20 நிமிடம் நின்றோம், அது அசையவேயில்லை. எனக்கு மூச்சுவிடவே தயக்கமாக இருந்தது.

பகல் நீளத்தைப் பார்த்துத்தான் இந்த முயலின் ரோமம் மண்ணிறத்துக்கும் வெள்ளைக்கும் மாறுகிறது, பனியைப் பார்த்து அல்ல. பனி பிந்தினால் மண்ணிறத் தரையில் வெள்ளை முயல் பளிச்சென்று தெரியும். ஜேயின் உணவைக் கெடுக்கிற அதே சூடு இதையும் காட்டிக்கொடுக்கிறது. அதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, போகிறவர்களுக்கு: சப்பாத்துக்குப் பனி முள் கட்டாயம், பலகை வழுக்கும். குளிர் தாங்காதவர்கள் பக்கத்திலேயே 43ஆவது கிலோமீற்றரில் இருக்கும் பார்வையாளர் மையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, தீனி தின்ன வரும் பறவைகளைப் பார்க்கலாம். சனிக்கிழமை 11 மணிக்குப் பிறகு ஆட்கள் கூடிச் சத்தம் போட்டார்கள். முயல் போய்விட்டது, ஜே மட்டும் நின்றது. முயல்தான் வேண்டுமென்றால் வேலை நாளில் விடியப் போங்கள். நாங்கள் ஏப்ரலில் திரும்பப் போகிறோம், அது பாதி வெள்ளையும் பாதி மண்ணிறமுமாக இருக்கும் நேரம்.