உரிமையாளரின் பணப்பைக்கு ஒரு பூட்டு: கால்பந்து செலவு வரம்பு விதிகள் பற்றிய மதிப்புரை

2024 ஜூன் மாத இறுதியில் நியூகாசில் யுனைடெட் கிளப், எலியட் ஆண்டர்சன் என்ற இளம் வீரரை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் யான்குபா மின்டேயைப் பிரைட்டனுக்கும் விற்றது. ஆண்டர்சன் சிறுவயது முதலே நியூகாசிலின் அகாடமியில் வளர்ந்தவர். அவரை விற்றே ஆக வேண்டிய பண நெருக்கடி உரிமையாளருக்கு இல்லை. சவுதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் தலைமையிலான குழு அந்தக் கிளப்பை 2021 அக்டோபரிலேயே வாங்கியிருந்தது. இருந்தும் கணக்காண்டு ஜூன் 30-இல் முடிவதற்குள் ஏட்டில் இழப்பைக் குறைத்துக் காட்டாவிட்டால், கிளப்புகளின் இழப்புக்கு வரம்பு வைக்கும் பிரீமியர் லீகின் (இங்கிலாந்தின் முதல் பிரிவு) நிலைத்தன்மை விதியை மீறியதாகிவிடும் என்பதால், இரண்டு வீரர்களும் அவசர அவசரமாக ஊர் மாறினார்கள்.

டிக்கெட்டுக்கும் ஒளிபரப்புச் சந்தாவுக்கும் பணம் கட்டும் ரசிகரின் பெயரால்தான் இந்த விதிகள் இயற்றப்பட்டன. ஆகவே அவற்றை ரசிகருக்கு வழங்கப்படும் ஒரு சேவையாகவே எடுத்துக்கொண்டு, கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று மதிப்பிடுவது முறையே. வாக்குகள் இரண்டு. கிளப்புகள் கடனில் மூழ்காமல் காப்போம் என்பது ஒன்று. போட்டியை நியாயமாக்குவோம் என்பது மற்றொன்று. முதல் வாக்கு பெருமளவு நிறைவேறியிருக்கிறது என்றும், இரண்டாவது வாக்கு நிறைவேறாததோடு நேர்எதிர்த் திசையில் போய்விட்டது என்றும் நான் கருதுகிறேன்.

முதல் வாக்கைக் குறைத்து மதிப்பிட மாட்டேன், ஏனெனில் விதிகளே இல்லாத காலத்தில் நடந்தவை கொடுமையானவை. 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆடிய லீட்ஸ் யுனைடெட், வராத வருமானத்தை நம்பி வாங்கிய கடனால் 2004-இல் முதல் பிரிவிலிருந்து இறங்கி, 2007-இல் மூன்றாம் பிரிவு வரை சரிந்தது. 2008-இல் எஃப்ஏ கோப்பையை வென்ற போர்ட்ஸ்மத், இரண்டே ஆண்டுகளில் பிரீமியர் லீகில் இருக்கும்போதே திவால் நிர்வாகத்துக்குள் போன முதல் கிளப் ஆனது. 2013-இல் ரசிகர் அறக்கட்டளை அதை வாங்கிக் காப்பாற்றியபோது அது நான்காம் பிரிவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஐரோப்பா முழுவதிலும் முதல் பிரிவுக் கிளப்புகளின் கூட்டு இழப்பு 2011-இல் சுமார் 170 கோடி யூரோவை எட்டியிருந்தது. மிஷேல் பிளாட்டினி தலைமையில் இருந்த ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ 2010-இல் 'ஃபைனான்சியல் ஃபேர் ப்ளே' விதிகளை நிறைவேற்றி, வரவுக்குள் செலவு செய்யும்படி கிளப்புகளைக் கட்டாயப்படுத்திய பிறகு, 2017-இல் அதே கிளப்புகள் கூட்டாகச் சுமார் 60 கோடி யூரோ லாபம் காட்டின. ஒளிபரப்பு வருமானம் பெருகியதும் இதற்கு உதவியது என்றாலும், விதியின் பங்கை மறுக்க முடியாது. பாதுகாப்பு என்ற அளவுகோலில் இதற்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன்.

நியாயம் என்ற அளவுகோலில் ஒன்றரைக்கு மேல் தர எனக்கு மனம் வரவில்லை. அதன் காரணம் வரம்பு எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. யூஇஎஃப்ஏ 2022-இல் கொண்டுவந்த புதிய விதிகள், வீரர்களின் சம்பளம், மாற்றுக் கட்டணத் தேய்மானம் (வீரரை வாங்கிய விலையில் ஆண்டுதோறும் கணக்கில் எழுதப்படும் பங்கு), முகவர் கட்டணம் ஆகியவை சேர்ந்து கிளப்பின் வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. 90 சதவீதத்தில் தொடங்கிய அந்த வரம்பு 2025-26 பருவத்தில் 70 சதவீதத்துக்கு வந்து நிற்கிறது. ஆண்டுக்கு 60 கோடி யூரோ ஈட்டும் கிளப் 42 கோடி வரை செலவிடலாம். 15 கோடி ஈட்டும் கிளப் பத்தரைக் கோடியோடு நின்றுகொள்ள வேண்டும். சதவீதம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் களத்தில் இறங்கும்போது ஒரு கையில் நான்கு மடங்கு பலம். வென்றவருக்கே ஒளிபரப்புத் தொகையும் விளம்பரதாரரும் கூடுதலாகச் சேர்வதால், நேற்றைய வெற்றி நாளைய செலவு உரிமையாக மாறுகிறது. இந்தச் சுழலை உடைத்து மேலே வர இருந்த ஒரே வழி வெளியிலிருந்து வரும் உரிமையாளரின் பணம், அதைத்தான் விதி அடைத்துவிட்டது.

அடைக்கப்படுவதற்கு முன் அந்த வழியில் வந்தவர்கள் யார் என்று பார்த்தால் அநீதி இன்னும் தெளிவாகும். உரிமையாளர் ஜாக் வாக்கரின் பணம் 1995-இல் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்குப் பட்டம் வாங்கித் தந்தது. ரோமன் அப்ரமோவிச் 2003-இல் செல்சியையும், ஷேக் மன்சூரின் அபுதாபி குழு 2008-இல் மான்செஸ்டர் சிட்டியையும் வாங்கியபோது எந்த வரம்பும் இல்லை. அதன்பின் வாங்கியவர்களுக்கோ வாசல் சாத்தப்பட்டது. சிறிய கிளப்பான லெஸ்டர் சிட்டி 2016-இல் பட்டம் வென்றதே என்று சிலர் சொல்வார்கள்; ஒரு பருவத்து அதிசயம் ஓர் ஒழுங்குமுறையின் நியாயத்துக்குச் சான்றாகிவிடாது.

2025-26 பருவம் வரைக்குமான பிரீமியர் லீகின் சொந்த விதி வேறு வகையானது. மூன்று ஆண்டுகளில் மொத்தம் 10.5 கோடி பவுண்டு வரை ஒரு கிளப் இழக்கலாம். அதில் 9 கோடியை உரிமையாளர் உறுதியான முதலீடாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். அகாடமி, பெண்கள் அணி, மைதானக் கட்டுமானம் போன்றவற்றுக்கான செலவு கணக்கில் சேராது என்பது இந்த விதியில் நான் மனதாரப் பாராட்டும் அம்சம். ஆனால் 2013-இல் குறிக்கப்பட்ட அந்த 10.5 கோடி, வீரர்களின் விலையும் சம்பளமும் பல மடங்கு ஏறிய பின்னும் பத்தாண்டுக்கு மேலாக அசையவே இல்லை.

இந்த விதி கணக்கேட்டில் எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஆண்டர்சன் விற்கப்பட்டதன் விடை அங்கேதான் இருக்கிறது. ஐந்து கோடிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய வீரரின் விலை ஆண்டுக்கு ஒரு கோடி என்று பிரித்து எழுதப்படும். இரண்டாண்டு கழித்து அவரை நான்கு கோடிக்கு விற்றால் ஏட்டில் மீதமிருக்கும் மூன்று கோடி போக ஒரு கோடிதான் லாபம். அகாடமியில் வளர்ந்த வீரருக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லாததால், அவரை நான்கு கோடிக்கு விற்றால் நான்கு கோடியும் அந்த ஆண்டே லாபமாகிவிடும். ஆகவே நெருக்கடியில் இருக்கும் கிளப் முதலில் விற்க நினைப்பது தன் வீட்டுப் பிள்ளையைத்தான். அகாடமிச் செலவுக்கு விலக்கு அளித்து இளைஞர்களை வளர்க்கச் சொல்லும் அதே விதி, வளர்ந்தவுடன் அவர்களை விற்கவும் தூண்டுகிறது. தன் தெருவில் வளர்ந்த பையன் தன் கிளப்பின் சட்டையில் ஆடுவதைக் காண்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி ஒரு ரசிகருக்கு வேறு என்ன இருக்கிறது? அந்த மகிழ்ச்சிதான் இங்கே முதல் பலி.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் வழக்கு இதே கோளாறின் மறுபக்கம். 2022-இல் மேல் பிரிவுக்கு ஏறிய அந்தக் கிளப்புக்கு, முந்தைய இரண்டு ஆண்டுகளைக் கீழ்ப் பிரிவில் கழித்த காரணத்தால், வரம்பு 6.1 கோடி பவுண்டாகச் சுருங்கியது. ஒரே லீகில் ஒரே மைதானத்தில் மோதினாலும், மூன்று ஆண்டும் மேல் பிரிவிலேயே இருந்தவர்களுக்கு 10.5 கோடி. பிரென்னன் ஜான்சனை 2023 ஜூன் 30-க்குள் விற்றிருந்தால் மீறல் பெருமளவு குறைந்திருக்கும். கிளப் காத்திருந்து, செப்டம்பர் தொடக்கத்தில் 4.75 கோடி பவுண்டுக்கு விற்றது. நல்ல விலைக்காகக் காத்திருப்பதுதான் பொறுப்பான நிதி நிர்வாகம் என்ற அதன் வாதம் ஏற்கப்படவில்லை. 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகள் பறிக்கப்பட்டன. விதி விதிதான், மீறல் மீறல்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிலைத்தன்மையின் பெயரைத் தாங்கிய ஒரு விதி, குறைந்த விலைக்கு அவசரமாக விற்பவரைத் தப்பவிட்டு அதிக விலைக்குப் பொறுமையாக விற்பவரைத் தண்டிக்குமானால் அதன் வடிவமைப்பில் பிழை இருக்கிறது.

தண்டனை முறையிலும் சீர்மை இல்லை. இதே விதியை மீறியதற்காக எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் குறைக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது ஆறாகி, ஏப்ரலில் மேலும் இரண்டு போனது. அந்த அணியின் ரசிகர்கள் ஒரு பருவம் முழுவதும் உண்மையான புள்ளிப் பட்டியல் எது என்று தெரியாமலே ஆட்டம் பார்த்தார்கள். மான்செஸ்டர் சிட்டிக்கு யூஇஎஃப்ஏ 2020 பிப்ரவரியில் விதித்த, ஐரோப்பியப் போட்டிகளில் ஆடுவதற்கான இரண்டாண்டுத் தடை, விளையாட்டு நடுவர் மன்றத்தில் ஜூலையில் நீக்கப்பட்டது. சில குற்றச்சாட்டுகள் நிறுவப்படவில்லை, சில காலாவதியாகியிருந்தன. அதே கிளப் மீது பிரீமியர் லீக் 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது, கிளப் அவற்றை மறுத்தது, விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆகிவிட்டது. எளிய கணக்கை ஒப்புக்கொள்பவருக்குச் சில மாதங்களில் தீர்ப்பும், வழக்கறிஞர் படையோடு போராடுபவருக்குப் பல ஆண்டு அவகாசமும் கிடைப்பதை ரசிகர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஓட்டைகளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. டெர்பி கவுன்டி 2018-இல் தன் மைதானத்தைத் தன் உரிமையாளருக்கே சுமார் 8 கோடி பவுண்டுக்கு விற்று லாபம் காட்டியது; மூன்று ஆண்டுகளில் திவால் நிர்வாகத்துக்குப் போய், 21 புள்ளிகளை இழந்து, கீழே இறங்கியது. செல்சி தன் இரண்டு ஓட்டல்களைத் தன் தாய்க் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கு 7.65 கோடி பவுண்டுக்கு விற்றது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியதை லாபம் என்று ஏற்கும் கணக்கு, உரிமையாளர் நேரடியாகத் தரும் நன்கொடையை ஏற்க மறுப்பது எனக்கு விளங்கவே இல்லை.

ஏனெனில் கிளப்பைக் கொல்வது கடன்தான், கொடை அல்ல. அப்ரமோவிச் செல்சிக்குள் கொட்டிய பணத்தில் சுமார் 150 கோடி பவுண்டு கடனாகவே ஏட்டில் இருந்தது. 2022-இல் அவர் அதைத் திரும்பக் கேட்காமல் விட்டதால் கிளப் பிழைத்தது, கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவே அச்சமாக இருக்கிறது. பரி கிளப்பின் கதை இன்னும் வேதனையானது. 1885-இல் தொடங்கி, 1903 எஃப்ஏ கோப்பை இறுதியில் டெர்பியை 6-0 என்று வென்ற அந்தக் கிளப், வீரர்களுக்குச் சம்பளம் தர இயலாத நிலையிலும் 2019-இல் நான்காம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்குத் தகுதி பெற்று, அதே ஆண்டு ஆகஸ்டில் லீகிலிருந்தே நீக்கப்பட்டது. அங்கே வரம்பைத் தாண்டிச் செலவிட்டது மட்டும் குற்றமல்ல. ஒப்புக்கொண்ட செலவைக் கொடுக்க உரிமையாளரிடம் பணம் இருக்கிறதா என்பதை யாரும் உறுதிசெய்துகொள்ளாததே பெரிய குற்றம்.

ஆகவே நான் கேட்கும் விதி இதுதான்: உரிமையாளர் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம், ஆனால் வாங்கும் வீரரின் ஒப்பந்தக் காலம் முழுமைக்குமான சம்பளத்தையும் விலையையும் முன்கூட்டியே, திரும்பப் பெற முடியாத பங்கு மூலதனமாக, தனிக் கணக்கில் பூட்டிவைத்துவிட்டுத் தர வேண்டும். கடனாகத் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் சந்தை வட்டி கணக்கிடப்பட வேண்டும். உரிமையாளரின் வட்டியில்லாக் கடன்களைப் பிரீமியர் லீக், உரிமையாளரோடு தொடர்புடைய ஒப்பந்தங்கள் சந்தை விலையில் உள்ளனவா என்று பார்க்கும் தன் சந்தை மதிப்புச் சோதனையிலிருந்து விலக்கிவைத்தது சட்டத்துக்கு முரணானது என்று 2024-இல் நடுவர் தீர்ப்பாயமே சொல்லிவிட்டது. அப்படிப் பூட்டிவைத்த பணம் நாளை உரிமையாளர் ஓடிவிட்டாலும் கிளப்பிடமே இருக்கும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஒருவர் அள்ளி வீசினால் எல்லாருடைய சம்பளமும் ஏறும், அவரைத் துரத்திப் பிடிக்க மற்றவர்கள் கடன் வாங்குவார்கள், ஒரு நாட்டின் கருவூலத்தோடு எந்த வணிகரும் போட்டியிட முடியாது என்பதே அது. உண்மைதான். அதனால்தான் எல்லாருக்கும் ஒரே தொகையிலான உச்சவரம்பு ஒன்று மேலே இருக்க வேண்டும் என்கிறேன். கடைசி இடம் பெறும் கிளப்புக்குக் கிடைக்கும் ஒளிபரப்புத் தொகையின் ஐந்து மடங்குக்கு மேல் யாரும் அணிக்காகச் செலவிடக் கூடாது என்று பிரீமியர் லீகில் ஒரு முன்மொழிவு வந்தது. பணக்காரரையும் ஏழையையும் ஒரே கோட்டில் நிறுத்தும் அந்த யோசனையைக் கிளப்புகள் 2025 நவம்பரில் நிராகரித்தன.

அன்றே அவர்கள் ஏற்றுக்கொண்டது 2026-27 பருவம் முதல் அணிச் செலவை வருமானத்தின் 85 சதவீதத்துக்குள் கட்டும் விதியை. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடுபவர்களுக்கு யூஇஎஃப்ஏவின் 70 சதவீதமும் தொடரும். பழைய மூன்றாண்டு இழப்புக் கணக்கைவிட இது எளிதானது, பருவம் நடக்கும்போதே கண்காணிக்கத் தக்கது. அந்த அளவில் முன்னேற்றமே. ஆனால் வரம்பு மீண்டும் அவரவர் வருமானத்தோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. வீரர்களை விற்றுப் பெறும் லாபம் மூன்றாண்டுச் சராசரியாக அந்த வருமானத்தில் சேரும் என்பதால், அடுத்த ஆண்டர்சனை ஜூன் கடைசி வாரத்தில் விற்கும் அவசரம் குறையலாம், விற்க வேண்டிய காரணம் அப்படியே இருக்கும்.